சாய்ந்த திருகுகள்ளியை வெட்டி மறுபடி நட்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் வந்து, வீடு ஒழுங்குக்கு வந்து, மொட்டை மாடித் தொட்டிகளை நிதானமாகப் பார்க்கப் பத்து நாள் ஆகிவிட்டது. ரோஜா இரண்டும் போயிருந்தன. திருகுகள்ளி மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நின்றது. சரி, இது தப்பித்தது என்று நினைத்தேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பார்த்தால் மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடித்தண்டை விரலால் அழுத்தினேன். அழுகின வாழைத்தண்டு போல உள்ளே போனது.

இது 2019இல் ஒரு சாண் குச்சியாக வாங்கியது. நர்சரியில் ‘பென்சில் கேக்டஸ்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். கேக்டஸ் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது யூஃபோர்பியா, ஆமணக்குக் குடும்பம். ஊர்ப்பக்கம் கொம்புக்கள்ளி, திருகுகள்ளி என்று சொல்லி வேலிக்கு வைப்பார்களே, அதே செடிதான். ஆடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது, ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நான் வாங்கியது அதிலேயே நுனி சிவக்கும் அழகு ரகம். வெயிலும் இரவுக் குளிரும் சேரும் மார்கழியில் நுனிக் குச்சிகள் ஆரஞ்சும் செம்மையுமாக எரிகிற மாதிரி நிற்கும், சித்திரை வந்தால் பச்சைக்குத் திரும்பிவிடும். பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் பெயர் நம் பக்கத்தது. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது, மலபாரில் வழங்கிய பெயரையே எடுத்து ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்று பதிந்துவிட்டார். உலகத்தில் எந்த மூலையில் இதை வளர்த்தாலும் அறிவியல் பெயரைச் சொல்லும்போது நம் ஊர்க் கள்ளியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் செடி மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாலு வருஷத்தில் ஏழடி வளர்ந்திருந்தது. பதினெட்டு அங்குல சிமென்ட் தொட்டி. மழையில் தொட்டியின் அடித்துளையை இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கிறது. வேர் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில் ஊறிக்கிடந்திருக்கிறது. சதைப்பற்றுள்ள செடிகளில் இதுதான் ஏமாற்று. தண்டில் சேமித்த தண்ணீரை வைத்து மேல்பகுதி மூன்று நாலு வாரம் பசுமையாகவே நிற்கும். கீழே வேர் போனது தெரியாது. இலைச்செடி என்றால் இரண்டு நாளில் வாடிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அழுகலுக்கு மேலே நல்ல சதை இருக்கும் இடத்தில் வெட்டி, அந்த மேல்பகுதியைப் போத்தாக நட வேண்டும். வேறு வழி கிடையாது. மருந்து ஊற்றி அழுகலை நிறுத்தலாம் என்று காத்திருந்தால் முழுச்செடியும் போகும். செய்ய வேண்டியது எனக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதில்தான் தப்பு செய்தேன்.

பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ரப்பர் கையுறை போட்டிருந்தேன். பவர் கண்ணாடி எனக்கு இல்லை. வேறு எதுவும் கண்ணுக்குப் போடவும் இல்லை. பால் வரும் என்று தெரியும். வாங்கிய அன்றைக்கே நர்சரி அண்ணாச்சி, “இதுல பால் வரும், பாத்துக்கிடுங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் நாலு வருஷத்தில் அங்கங்கே சின்னக் குச்சி ஒடிந்தபோதெல்லாம் விரலில் இரண்டு சொட்டுப் பட்டிருக்கிறது. கழுவிவிட்டுப் போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பழக்கம்தான் என்னை அசட்டையாக்கியது.

உச்சியின் கனத்தைக் குறைத்தால் செடி கீழே விழாது என்று மேல்கிளைகளை முதலில் வெட்டினேன். செடியை நிற்கவைத்தே, கையை உயர்த்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. கத்தரி வைத்த இடத்திலெல்லாம் பால் சொட்டவில்லை, வடிந்தது. அது சட்டைக் கையிலும் நெற்றியிலும் விழுந்திருக்கிறது. குளிர்ச்சியாக ஒரு துளி பட்டது நினைவிருக்கிறது. எரிச்சல் இல்லாததால் வேலையை நிறுத்தவில்லை. ஆறாவது கிளையில் வேர்த்தது. கையுறைக் கையால் துடைக்கக் கூடாது என்ற புத்தி இருந்தது. மேல்கைச் சட்டையால் நெற்றியைத் துடைத்தேன். அடுத்த நிமிஷம் வியர்வை இடது கண்ணில் இறங்கியது.

முதலில் சோப்புத் தண்ணீர் பட்டது போலச் சாதாரண எரிச்சல்தான். கீழே ஓடி, கையுறையைக் கழற்றி, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து கண்ணைக் காட்டினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, “எய்யா, தேய்க்காத, தேய்க்காத, தண்ணி மட்டும் ஓடட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதை நான் பாதிதான் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் எரிச்சல் குறைந்தது போலத் தோன்றியதும் நிறுத்திவிட்டேன். இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவியிருக்க வேண்டும், இமையை விரித்துப் பிடித்து, கண்ணை நாலு பக்கமும் உருட்டி. நெற்றியையும் புருவத்தையும் சோப்பால் கழுவி, சட்டையை உடனே மாற்றியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடலாம் என்றார்கள், இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். அம்மா இரண்டையும் தடுத்துவிட்டார். அது நல்லதாகப் போயிற்று.

இந்தப் பால் உடனே சுடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குப் பட்டது. மதியம் சாப்பிடும்போது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். நாலு மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. இரவு எட்டு மணிக்கு இமை வீங்கி, கண் சிவந்து, தண்ணீர் நிற்காமல் வழிந்தது; இடது கண்ணில் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு புகைவட்டம் தெரிந்தது. இரவெல்லாம் வலி. எரிச்சல் குறைந்துவிட்டது என்று நான் நினைத்த அந்தக் காலை நேரத்தில், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பாலில் உள்ள டைடெர்பீன் எஸ்டர் என்ற பொருள்கள் திசுவில் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. அந்த அழற்சி முற்ற மணிக்கணக்காகிறது. அமிலம் பட்டால் அந்த நொடியே அலறுவோம். இது பட்டால் மதியம்வரை வேலை பார்ப்போம்.

மறுநாள் காலை கண் மருத்துவரிடம் போனோம். செடியின் போட்டோவை செல்போனில் காட்டினேன். கள்ளி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வேலி வெட்டியவர்கள் இப்படி வருவது உண்டு என்றார். கண்ணை இன்னொரு தடவை கழுவிவிட்டு, சாயத்தாள் வைத்து, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் கீழ்ப்பாதியில் உரிந்திருந்தது. கிருமி எதிர்ப்புச் சொட்டு, வலி குறையக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு, ஈரப்பதத்துக்கு ஒன்று. மூன்றாம் நாள் திரும்ப வரச் சொன்னார். அப்போது தோல் மூடத் தொடங்கியிருந்ததைப் பார்த்த பிறகே அழற்சிக்கான ஸ்டீராய்டு சொட்டைச் சேர்த்து, எத்தனை நாள், எத்தனை தடவை என்று எழுதிக் கொடுத்தார். அதை மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கிப் போடவே கூடாது, புண் இருக்கும்போது தப்பாகப் போட்டால் பார்வையே போகலாம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். ஒன்பதாம் நாள் பார்வை முழுதாகத் திரும்பியது. உடனே போயிருந்தால் வலியாவது பாதியாகியிருக்கும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால், கழுவிய கையோடு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வலிக்கிறதா என்று காத்திருந்து பார்க்காதீர்கள்.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு பேச்சு. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தச் செடி வீட்டில் இருப்பதில் மனசில்லை. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் தலைமுறைக்கு உசிலம்பட்டிப் பக்கமும் சேலம் பக்கமும் பெண்குழந்தைகளுக்கு நடந்ததுதான் ஞாபகம் வரும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இருந்த கொடுமை அது. அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் செய்தது செடி இல்லை. செடிக்கு அந்தப் பால் அதன் தோல் மாதிரி. முள் இல்லாத, இலையும் பேருக்கு ஒன்றிரண்டே உள்ள உடம்பு அது. ஆப்பிரிக்க வறட்சியில் மேய்கிற விலங்குகளுக்கு நடுவே நிற்க அதனிடம் வேறு என்ன இருக்கிறது? கடைசியில், “வச்சிக்கிட்டு இருக்கணும்னா ஒழுங்கா வெட்டப் படிச்சிக்கோ” என்றார் அம்மா. அது நியாயமான நிபந்தனை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் மறுபடி மாடி ஏறினேன். அழுகல் அதற்குள் நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

இந்த முறை நேரத்தை மாற்றினேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தில் விடியுமுன் பால் வெட்டுவார்கள். இரவெல்லாம் மரம் தண்ணீர் குடித்து விறைத்து நிற்கும், அந்த அழுத்தத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். எனக்குப் பால் ஓடாமல் இருக்க வேண்டும். அதனால் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். மூன்று வாரமாகத் தண்ணீர் விடவில்லை. மாலை நாலரைக்கு, மாடிப்படிக் கட்டடத்தின் நிழல் விழுந்த பிறகு ஆரம்பித்தேன். பால் வந்தது, ஆனால் ஜனவரி காலையில் வடிந்ததற்குப் பாதிகூட இல்லை.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய ரசாயனப் பாதுகாப்புக் கண்ணாடி, ஹார்டுவேர் கடையில் 180 ரூபாய். திறந்த பக்கம் உள்ள சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. எனக்குப் பால் மேலிருந்துதான் இறங்கியது. நெற்றியில் வியர்வை இறங்காமல் ஒரு பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டினேன். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டைத் தாண்டும் நைட்ரைல் கையுறை, அதன் வாயைச் சட்டைக் கை மேல் இழுத்து விட்டேன். இதெல்லாவற்றையும்விட முக்கியமானது என் மனைவி. அவர் செடியைத் தொடுவதில்லை, வேலையே அதுதான். சுத்தமான கையோடு, பக்கத்தில் ஓடும் குழாயும் சோப்பும் வைத்துக்கொண்டு, என் முகத்தைத் துடைக்க, செல்போனை எடுக்க, கதவைத் திறக்க ஒரு ஆள். தனியாக வெட்டாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

செடியை நிற்கவைத்து வெட்டவே இல்லை. பழைய கோணிச் சாக்கை இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டி, தொட்டியோடு மெதுவாகத் தார்ப்பாய் மேல் படுக்கவைத்தோம். எல்லா வெட்டும் என் இடுப்புக்குக் கீழே. ஒவ்வொரு வெட்டு விழுந்ததும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை இரண்டு பக்கமும் அடித்தேன். பால் உறைந்து அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. கத்தரியை மேலே தூக்கி உதறாமல் பழைய துணியில் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

அடித்தண்டில் எங்கே நிறுத்துவது என்பதற்குப் பாலே வழி சொன்னது. இது நானாகக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அழுகல் கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே முதல் வெட்டு. சதை வெள்ளையாகத்தான் தெரிந்தது, ஆனால் பால் வளையத்தில் பாதிச் சுற்றில் மட்டும்தான் துளிர்த்தது. மறுபாதி காய்ந்து கிடந்தது. இன்னொரு அங்குலம் மேலே போனேன். முக்கால் சுற்று. மூன்றாவது வெட்டில்தான் சுற்றிலும் ஒரே சீராக, முத்து கோத்த மாதிரி பால் நின்றது. அங்கே நிறுத்தினேன். பால் வராத இடத்தில் உயிர் இல்லை. முதல் வெட்டோடு நின்றிருந்தால் அழுகல் போத்துக்குள் போயிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தது அழுகலைக் கடத்தாமல் இருக்க.

கையில் மிஞ்சியது மூன்றரை அடி நடுத்தண்டு ஒன்று, ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண்வரை பதினொரு குச்சிகள். வெட்டுவாயில் அடுப்புக்கரித் தூளை ஒற்றி, மாடிப்படிக்கு அடியில் நிழலில், செய்தித்தாள் மேல் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பினேன். வெட்டுவாய் நகம் போலக் கெட்டியாக வேண்டும். குச்சிகளுக்குப் பத்து நாள், தண்டுக்கு மூன்று வாரம். இந்த நாட்களில் அந்தப் பக்கம் யாரும் போகாதபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாடிக்கு வந்து விளையாடுவார்கள்.

மண் கலவைக்கு நான் அலட்டிக்கொள்ளவில்லை. எம்-சாண்டைச் சலித்து, மாவு போன்ற தூசியைக் கழித்துவிட்டு மேலே நின்ற சொரசொரப்பை மட்டும் எடுத்தேன். அது இரண்டு பங்கு, செங்கல் ஜல்லி ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். தேங்காய் நார்க் கழிவு சேர்க்கவில்லை. நம் மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் செடி போனதே ஈரத்தால். சிமென்ட் தொட்டியை விட்டு மண் தொட்டிக்கு மாறினேன், அடித்துளை இரண்டை நாலாக்கி, மேலே ஓட்டுச்சில்லைக் கவிழ்த்தேன். தண்டை நட்டபிறகு மூங்கில் குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் கட்டினேன். வேர் இல்லாத தண்டு காற்றில் அசைந்தால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

நட்டு ஒரு வாரம் தண்ணீர் இல்லை. அப்புறம் பத்து நாளுக்கு ஒரு தடவை, ஓரமாக ஒரு தம்ளர். இரண்டு குச்சிகளுக்கு மட்டும் வாடியது போல இருந்ததால் பொறுக்காமல் நாலாம் நாளே ஊற்றினேன். அவை இரண்டும் அழுகின. மற்ற ஒன்பதும் ஐந்து, ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டன. மெல்ல இழுத்துப் பார்த்தால் மண் எதிர்த்தது. நடுத்தண்டு மே மாதம்வரை அப்படியே நின்றது. அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு ஒரு நாள் நுனியில் பச்சைமுனை ஒன்று தெரிந்ததைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெட்டிய கழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் சொல்கிறேன். அழுகிய அடித்தண்டும் நறுக்கிய துண்டும் ஒரு வாளி நிறைய இருந்தது. எரிக்கக் கூடாது, புகையே கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பச்சையாகக் குப்பையில் போட்டால் காலையில் வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா வெறுங்கையால் பிரித்துப் போடுவார். என் கண்ணுக்கு வந்தது அவர் கண்ணுக்கு வந்தால் ஒன்பது நாள் கூலியை யார் கொடுப்பார்கள்? தார்ப்பாயில் பரப்பி ஒன்றரை மாதம் வெயிலில் காயவிட்டேன். கள்ளி சாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், ஒடித்தால் பால் வராத அளவுக்குக் காய வேண்டும். பிறகு இரண்டு சாக்கில் கட்டி, மேலே ‘கள்ளி, பிரிக்க வேண்டாம்’ என்று மார்க்கரில் எழுதி, அவர் கையில் கொடுக்கும்போது வாயாலும் சொன்னேன். கையுறைகளும் துடைத்த துணியும் அதே சாக்கில் போயின. கத்தரியில் ரப்பர் போலப் பிடித்திருந்ததைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, சோப்பு வெந்நீரில் தேய்த்து எடுத்தேன், கையுறையோடுதான். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைத்தேன்.

தோலில் பட்டால் உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும். வெறும் தண்ணீர் ஊற்றினால் பால் இழுவையாகப் பரவும். சின்னப் பிள்ளையோ நாயோ இந்தச் செடியைக் கடித்துவிட்டால் வாயைக் கழுவி, வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாந்தி எடுத்தால் பால் போன வழியெல்லாம் திரும்பவும் சுடும். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தச் செடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது வளரும்வரை காத்திருக்கலாம், கள்ளி எங்கேயும் போய்விடாது.

ஒன்பது குச்சிகளில் நாலைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு அட்டையில் மூன்று வரி எழுதித் தொட்டியில் கட்டினேன்: பால் கண்ணில் படக் கூடாது, பட்டால் இருபது நிமிஷம் ஓடும் தண்ணீர், வலி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டர். ஐந்து என்னிடம் மாடியின் தெற்குச் சுவரோரம், நடக்கிற வழியை விட்டுத் தள்ளி, இடுப்பு உயரத்துக்குக் கீழே நிற்கின்றன. இனி எதையும் என் கண் மட்டத்துக்கு மேலே வளரவிடுவதில்லை. 2024 மார்கழியில் நடுத்தண்டின் புதுக் குச்சிகள் பதினேழும் நுனி சிவந்தன. காலையில் கோலம் போட்டுவிட்டு மாடிக்கு வந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கீழே போய், அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கத்தரியோடு சேர்த்து ஒரே பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார்.